மாரப்பனின் தலைவிளக்கு

“கெணத்துக்குள்ள போறவனுக்கு வெளிச்சத்துல கஞ்சம் புடிக்காதீங்கடா…” ஏதோ ஒரு காதுகுத்து விருந்தில் பெரிய மாமா சொன்னது. அதற்குப் பிறகும் அவர் என்னவோ சொன்னார். நாச்சிமுத்துவுக்கு அது மறந்துபோயிற்று. நினைவிலிருந்த பாதியைப் பிடித்துக்கொண்டுதான் விளக்குச் செய்ய உட்கார்ந்தார்.

விளக்கு அவருடைய மச்சினன் மாரப்பனுக்கு. கிணற்றில் இறங்கி மோட்டார் பழுது பார்ப்பது மாரப்பனின் தொழில். போன மாதம் கடை டார்ச் திடீரென்று நின்று, ஏணியில் கால் தவறி, தோள்பட்டை பிசகியது. நாளைக்கு மறுபடி எண்பதடிக் கிணறு, மூன்று மணி நேர வேலை. நடுப்பகலிலும் அடியில் கை தெரியாது. இந்தத் தடவை நான் செய்து தருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தவர் அவர். தாராபுரத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்த ஆசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று.

எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தை அடக்கி வைக்கும் ரெசிஸ்டரை நாச்சிமுத்து கணக்குப் போட்டே எடுத்திருந்தார். நான்கு செல், மேலே அச்சடித்தபடி மொத்தம் நாலே முக்கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு நாலு புள்ளி ஏழு ஓம்.

ஜெசிந்தா புதிதாகச் சார்ஜ் ஏறிய செல்களில் மீட்டரை வைத்தாள். ஐந்தரை காட்டியது. அப்படியானால் ஆறு புள்ளி எட்டு ஓம் போடுங்கள் என்றாள்.

வெளிச்சம் குறைந்துவிடும் என்றார் அவர். கூடுதல் வோல்ட் கொஞ்ச நேரம்தான், எல்.இ.டி. தாங்கும் என்றார்.

“கல்யாண மண்டபத்துக்காண்ணா லைட் போடறீங்க?”

“சிரிக்காதீங்க டீச்சரம்மா. வெளிச்சம் தராத ஒரு ரெசிஸ்டர் துண்டுக்கு எதுக்குங்க பாதி பேட்டரியக் குடுக்கோணும்?”

ஜெசிந்தா நாலு புள்ளி ஏழு ஓம் போட்ட அவருடைய விளக்கையே அவர் தலையில் மாட்டி, கடைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தாள். கலந்து கிடந்த ஒரு டப்பா ரெசிஸ்டரை நிறக்கோடு பார்த்துப் பிரிக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சிவப்பும் ஆரஞ்சும் பளிச்சென்று தெரிந்தன. நாச்சிமுத்துவுக்குத் தெம்பாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் நெற்றி சுட்டது. வெளிச்சம் நீலம் பாய்ந்தது, இரண்டு தரம் துடித்தது, நின்றுவிட்டது.

எழுந்தார். டப்பா கவிழ்ந்தது. சுவரைத் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடிப்பதற்குள் முழங்கால் எங்கோ இடித்தது.

ஜெசிந்தா கதவைத் திறந்தாள். கையில் ஆறு புள்ளி எட்டு ஓம் போட்ட இன்னொரு விளக்கு. அவர் உள்ளே போனபோது ஏற்றியது, சீராக எரிந்துகொண்டிருந்தது.

அவர் விடவில்லை. “இதுவுந்தான் செல் எறங்க எறங்க மங்கிப் போகும்.”

“மங்கட்டும்ணா. மங்குனா, மேல ஏற நேரமாச்சுன்னு மாரப்பனுக்குத் தெரியும். அணைஞ்சா என்ன தெரியும்?”

நாச்சிமுத்து தலையிலிருந்த விளக்கைக் கழற்றினார். கருகிய எல்.இ.டி.யை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார். ஆறு புள்ளி எட்டு ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்தார்.