ஒன்பதாம் பக்கம், மூன்றாவது வரி

"டீச்சர், எனக்கு இங்கிலீஷ் வேணும்" என்றார் அறவாழி.

"நான் யோகா டீச்சர்ண்ணே" என்றாள் பூங்கோதை.

ராஜபாளையத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில் அவள் வகுப்பு நடத்துகிறாள். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு நாற்பத்தொன்பது. குரு சீடரை அண்ணே என்பாள், சீடர் குருவை டீச்சர் என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

நான்கு வருடம் அவளிடம் படித்தவர் அறவாழி. மனைவிக்கு பின்லாந்தில் வேலை கிடைத்தது, இவரும் கூடப் போனார். அங்கே ஒரு சிறிய ஊரில், நூலகத்து ஹாலில், செவ்வாய்தோறும் ஆங்கிலத்தில் யோகா சொல்லிக்கொடுக்கிறார். பத்து நாள் லீவில் வந்தவர், சொந்தக்காரர் ஒருவரையும் பார்க்காமல் நேராக மில் மாடி ஏறிவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"பதினோரு பேரை ஒத்தக்கால்ல நிறுத்திட்டேன்."

"மரம் மாதிரி நிக்கிற ஆசனம்தானே? நல்ல விஷயம்தானே."

"நிறுத்திட்டேன். எறக்க முடியல."

பூங்கோதை பாயில் உட்கார்ந்தாள். கதை நீளும் என்று தெரிந்துவிட்டது.

அறவாழி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வகுப்பு முழுவதையும் அதில் ஆங்கிலத்தில் எழுதி, பத்தாம் வகுப்பில் கட்டுரை படித்த மாதிரி ஒரு புள்ளி விடாமல் மனப்பாடம் செய்திருந்தார். வரவேற்பு முதல் பக்கம். மூச்சு நாலாம் பக்கம். மரம் எட்டாம் பக்கம்.

"காலைக் கீழ வைங்க. அம்புட்டுத்தானே? அதுக்குமா இங்கிலீஷ் வரல?"

"அது ஒன்பதாம் பக்கம் மூணாவது வரி டீச்சர். முந்துன வரி வந்தாத்தான் அது வரும். முந்துன வரி மறந்துபோச்சு."

"அப்புறம்?"

"மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன்."

"எதை?"

"நோட்டை. எல்லாருக்கும் வணக்கம், வாங்க, ஷூவை வெளிய கழட்டி வைங்கன்னு."

"அவங்க?"

"ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டே கேட்டாங்க. ஒரு அம்மா மட்டும் நொண்டிக்கிட்டே வாசலுக்குப் போய், ஷூ வெளியதான் இருக்கான்னு பார்த்துட்டு, நொண்டிக்கிட்டே திரும்பி வந்து நின்னுச்சு."

குருமார்கள் புன்னகைப்பார்கள் என்றுதான் புத்தகங்களில் போட்டிருக்கிறது. பூங்கோதை பாயைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"வலிச்சா அவங்களே எறக்க வேண்டியதுதானே?"

"அந்த ஊர் ஆளுக அப்பிடி டீச்சர். ரோட்டுல ஒரு வண்டி வராட்டியும் சிவப்பு லைட் எரிஞ்சா நிப்பாங்க."

"சரி, எப்பிடித்தான் முடிஞ்சது?"

"பென்ட்டின்னு ஒரு பெரியவர். எழுபது வயசு. அவர் விழுந்துட்டார்."

பூங்கோதை சிரிப்பை நிறுத்தினாள்.

"அடி ஒண்ணும் இல்ல. ஆனா, நூலகத்து மேடம் ரித்வா அடுத்த வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார்க்கப் போறாங்க. பிடிக்கலேன்னா ஹால் கிடையாது." அறவாழி நோட்டை மூடினார். "என் வீட்டுக்காரிக்கு அங்க ஆபீஸ் இருக்கு. மகளுக்குக் காலேஜ் இருக்கு. எனக்கு அந்தப் பதினோரு பேர்தான் டீச்சர். நான் ஒரு நாள் வரலேன்னா ஏன் வரலன்னு கேக்க அந்த ஊர்ல வேற ஆள் இல்ல."

பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"விழறதுக்கு முன்னாடி அவருக்கு எந்தக் கால் ஆடுச்சு?"

"தெரியல."

"எதுத்தாப்லதானே நின்னீங்க?"

"நான் மேல பார்த்துக்கிட்டு இருந்தேன். கூரையைப் பார்த்தாத்தான் எனக்கு நோட்டு ஞாபகத்துக்கு வரும்."

பூங்கோதை கையை நீட்டினாள். பிழை திருத்தித் தரப்போகிறாள் என்று சந்தோஷமாக நோட்டைக் கொடுத்தார்.

"எந்திரிச்சு மரமா நில்லுங்கண்ணே. இந்தா வாரேன்."

நோட்டோடு படியிறங்கிப் போனாள்.

அறவாழி நின்றார். கீழே மில் ஓடியது. யாரோ மிளகாய் அரைக்கக் கொடுத்திருந்தார்கள், மாடி வரைக்கும் நெடி ஏறியது. ஒற்றைக்காலில் நின்றபடி நாலு முறை தும்மினார். டீச்சர் வரவில்லை.

அரை மணி கழித்து இரண்டு கிளாஸ் டீயோடு அவள் வந்தபோது, அவர் பாயில் உட்கார்ந்து வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எறக்கச் சொல்லலையே?"

"முட்டி சொல்லுச்சு டீச்சர்."

"இங்கிலீஷ்லயா?"

அறவாழி டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கத் தோன்றவில்லை.

"என் நோட்டு?" என்றார்.

"கீழ மில்லுல மேசை ஆடுதுன்னாங்க. இப்ப ஆடல."

*

செவ்வாய்க்கிழமை, பின்லாந்தில் அந்த நூலகத்து ஹாலில், ரித்வா கடைசியில் ஒரு நாற்காலி போட்டு, மடியில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

அறவாழி வழக்கம்போல மேலே பார்த்தார். அங்கே நோட்டு தெரியவில்லை, வெறும் கூரைதான் இருந்தது. வேறு வழியில்லாமல் எதிரே பார்த்தார்.

பதினோரு பேர் இருந்தார்கள். வாசலுக்கு நொண்டிப் போன அம்மாவுக்கு இடது தோள் சற்றுத் தூக்கியிருந்தது. பென்ட்டி முதல் வரிசையிலேயே வந்து நின்றிருந்தார். அவர் வந்தது அறவாழிக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"மரம்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தானும் ஒற்றைக்காலில் நின்றார். பதினோரு கால்கள் மேலே போயின.

இரண்டு மூச்சு ஆகியிருக்கும். பென்ட்டியின் கணுக்கால் ஆட ஆரம்பித்தது. வலது கணுக்கால்.

அறவாழி தன் காலைக் கீழே போட்டார். அவ்வளவு நாள் படித்த ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வாயில் வரவில்லை.

"ஐயா, விட்ருங்க! விட்ருங்க சாமி! காலைக் கீழ வைங்க!"

சுத்தமான ராஜபாளையம். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார்.

பென்ட்டி காலைக் கீழே வைத்தார். மற்றப் பத்துப் பேரும் வைத்தார்கள்.

அதன்பிறகு யார் முட்டி எங்கே வலிக்கிறது, யார் தோள் எங்கே இறுகுகிறது என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது. தமிழில் அதட்டினார், கையால் காட்டினார், குனிந்து பாதத்தைத் திருப்பி வைத்தார்.

வகுப்பு முடிந்ததும் ரித்வா தாளை மடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஊரில் யார் முகத்திலும் ஒன்றும் தெரியாது.

"மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார் அறவாழி.

"உங்கள் ஆங்கிலம் புரியாமல்தான் பெரியவர் விழுந்தார் என்று சொன்னார்கள். அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

"ஆமாம்."

"எனக்கு எல்லாம் புரிந்ததே" என்றாள் ரித்வா.