நாலு குரலுக்கு ஒரு வீடு

"டீச்சர், நாலு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுறோம். ஆனா ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டவே மாட்டேங்கிறோம்."

இப்படிச் சொன்ன சூசைக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

டீச்சர் ஹபீபாவுக்கு இருபத்தெட்டு. ஜெராக்ஸ் கடை மாடியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் பாட்டுச் சேர்க்க மூன்று வாரமாக அவளிடம்தான் அவர் படிக்கிறார்.

"நாளைக்கு அம்மாவுக்கு முப்பதாம் நாள் டீச்சர். சாயங்காலம் வீட்டுல செபம். அதுல பாட்டைப் போடணும்."

அம்மா பேர் அமலோற்பவம். மூத்தவர் லூர்து தோஹாவில். அடுத்தவர் சூசை. தம்பி கஸ்பார் கப்பலில். தங்கச்சி மெட்டில்டா குவைத்தில். வெளியூரில் இருந்த மூன்று பேராலும் அடக்கத்துக்கு வந்துசேர முடியவில்லை.

அம்மா சாயங்காலம் விளக்குப் போட்டதும் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதைத்தான் ஆளுக்கொரு மூலையில் இருந்து போனில் பாடி அனுப்பியிருந்தார்கள்.

மெட்டில்டா பாடி முடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "அண்ணே, என் குரலையாவது வீட்டுக்குள்ள கொண்டு நிறுத்திருங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனுஷன் இந்த வயதில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

"போட்டுக் காட்டுங்கண்ணே."

திரையில் மிக்ஸர் திறந்தது. நாம் கொறிக்கிற மிக்சர் இல்லை. குரலுக்கு ஒரு பட்டி, பட்டிக்கு நாலைந்து குமிழ் என்று வரிசையாக நிற்கும். எதிரொலியோ, கனமோ, எந்தக் குரலுக்கு எது வேண்டுமோ அதைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கிறதை எஃபெக்ட் என்பார்கள்.

சூசை எல்லாருக்கும் எதிரொலி சேர்த்திருந்தார். தாராளமாக.

ஹபீபா கண்ணை மூடிக் கேட்டாள்.

"பெரியண்ணன் கோயில்ல நின்னு பாடுறார். கப்பல்காரர் குளியலறையில பாடுறார். தங்கச்சி ஏதோ மலைக் குகையில. நீங்க கல்யாண மண்டபத்துல."

"எது எடுப்பா இருந்துச்சோ அதைப் போட்டேன் டீச்சர். கூடப்பொறந்தவங்களுக்கு ஓரவஞ்சனை பண்ணக் கூடாதுல்லா?"

"நாலு எதிரொலியையும் எடுங்க."

எடுத்தார். குரல்கள் வெறுமனே நின்றன. கஸ்பாருக்குப் பின்னால் கப்பல் எஞ்சின் முனகியது.

"ஐயோ, இது இன்னும் மோசம்லா!"

"அம்மா எங்க இருந்து பாடுவாங்க?"

"வீட்டு முன்னறையில. கட்டில்ல சாஞ்சுக்கிட்டு."

ஹபீபா எழுந்து மைக்கைப் பையில் போட்டாள்.

"கீழ கடையில ரெண்டு பலூன் வாங்குங்கண்ணே. பெருசா."

"பலூனா?"

அவள் படி இறங்கிவிட்டாள்.

சூசை வீட்டில், நாளைய செபத்துக்கு நாற்காலி போட வேண்டும் என்று முன்னறையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். கழுவித் துடைத்த வெறும் அறை. நடுவில் மைக்கை நிறுத்தினாள் ஹபீபா.

"ஒரு பலூனை ஊதி உடைங்க."

டமார்!

பக்கத்து வீட்டு ஞானசெல்வி அடித்துப் பிடித்து ஓடி வந்தாள்.

"ஏ சூசை! நாளைக்கு முப்பதை வச்சிக்கிட்டு இன்னைக்கு பலூன் உடைக்கியே, பெர்த்டேயா கொண்டாடுத? உங்கம்மா இருந்தா வெளக்குமாத்தாலயே போட்டிருப்பா!"

"டீச்சர் சொன்னாங்கக்கா."

ஞானசெல்வி ஹபீபாவை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல டீச்சர்!"

ஹபீபா ஹெட்போனைச் சூசை காதில் மாட்டினாள். மைக்கில் பதிவான வெடிச்சத்தம் சுவருக்குச் சுவர் முட்டி, கணகணத்து, மெல்ல அடங்கியது.

"இது யார் வீடு?"

"தெரியலையே டீச்சர். யாரோ புதுசா குடிவந்த வீடு மாதிரி இருக்கு."

"அம்மா இருந்தப்போ இங்க என்னெல்லாம் இருந்துச்சு?"

சூசை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். கட்டில். பஞ்சு மெத்தை. அரிசி மூட்டை. கொடியைக் கட்டி, பெட்டியில் மடித்து வைத்த சேலைகளை எடுத்துத் தொங்கவிட்டார்.

வாசலில் நின்ற ஞானசெல்விக்குப் பொறுக்கவில்லை. "தலமாடு அந்தப் பக்கம் இல்லலே, இந்தப் பக்கம்லா!" உள்ளே வந்து தலையணையைத் தானே திருப்பி வைத்தாள்.

ஹபீபா மைக்கை அந்தத் தலையணை மேல் வைத்தாள்.

"பிள்ளைங்க எல்லாரும் வந்தா எங்க நிப்பீங்க?"

"கட்டில் காலுக்கிட்ட."

"அங்க நின்னு அடுத்த பலூனை உடைங்க."

டப்.

சூசை ஹெட்போனில் கேட்டார். ஒரு தரம். இன்னொரு தரம். சத்தம் சேலையில் பட்டு, மூட்டையில் பட்டு, மெத்தையில் வந்து படுத்துக்கொண்டது.

"டீச்சர்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இது எங்க வீடு."

ஞானசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பினார்கள். ஹபீபா மிக்ஸரில் புதிதாக ஒரு பட்டி திறந்து, ஒரே ஒரு எஃபெக்ட் வைத்தாள். ஒரு சத்தம் ஒரு அறையில் எப்படி ஓடி எப்படி அடங்குகிறது என்று காட்டிவிட்டால், அது மற்றச் சத்தத்தையும் அதே அறையில் ஓடவிடும். அதற்கு அந்த இரண்டாவது பலூனின் சத்தத்தைக் கொடுத்தாள்.

நாலு குரலில் இருந்தும் அந்த ஒரே பட்டிக்கு வழி போட்டாள். வழிக்கு ஒரு குமிழ்.

"நீங்களே திருப்புங்கண்ணே. மெதுவா."

லூர்துவின் குமிழைத் திருப்பினார். லூர்து கதவைத் தாண்டி உள்ளே வந்தார்.

கஸ்பார் வந்தான். எஞ்சின்கூட எங்கோ தெருவில் நின்றுபோன மாதிரி இருந்தது.

தன் குமிழைத் திருப்பினார்.

கடைசியாக மெட்டில்டாவின் குமிழைத் திருப்பினார்.

சூசை சட்டென்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேரும் கட்டில் காலுக்கிட்ட நின்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடியும்வரை சூசை கேட்டார். பிறகு போனை எடுத்து நீட்டினார்.

"இன்னொண்ணு இருக்கு டீச்சர். அம்மா குரல். மெட்டில்டாவுக்குப் பிள்ளை பிறந்தப்போ இதே பாட்டை ரெண்டு வரி பாடி அனுப்புனாங்க. கடைசியில சேக்கணும்."

ஹபீபா அதை ஐந்தாவது பட்டியில் வைத்து, அதற்கும் ஒரு குமிழ் கொடுத்தாள்.

சூசை மவுஸைக் குமிழ் மேல் கொண்டுபோனார்.

"அம்மாவுக்கு எவ்வளவு திருப்ப, டீச்சர்?"

"எங்க இருந்து பாடினாங்க?"

"அதான், அந்தக் கட்டில்ல... அம்மா முன்னமே வீட்டுக்குள்ளதான இருக்காங்க."

சூசை மவுஸில் இருந்து கையை எடுத்துவிட்டார்.