இடப்பக்கக் கதவு

மில் முதலாளி பொன்னம்பலனார் செய்த அநியாயங்களை வரிசை தப்பாமல் சொல்லவேண்டும். முதலில் டிரைவர் சன்னாசியை ஸ்டாண்டிலிருந்து விரட்டினார். அடுத்து அவருடைய டாக்சியைப் பிடுங்கினார். பிறகு அப்படியொரு டாக்சியே கிடையாது என்று ஊர் முன் சத்தியம் செய்தார். சன்னாசி ஏக்கத்தில் போய்ச் சேர்ந்ததும், அதே டாக்சியைச் சன்னாசியின் மகள் மாசிலாவின் கார்ப் பட்டறையில் கொண்டுவந்து தள்ளினார்.

"எங்க தாத்தா காரும் இதே மாடல்தான். இதைப் பிரிச்சு அதை ஓட வை. டாக்சி அடையாளம் தெரிஞ்சுது, பட்டறைக்குப் பூட்டு!"

தாத்தா கார் தொட்டால் செந்தூளாய் உதிர்ந்தது. மாசிலா டாக்சியின் எஞ்சினை, இருக்கைகளை, கதவுகளைக் கழற்றித் தாத்தா காருக்கு மாற்றினாள். இருக்கையிலிருந்து அப்பாவின் பீடி வாசம் எழுந்து பட்டறையெங்கும் மிதந்தது. அவருக்கு டாக்சி இருந்ததை ஊர் ஒப்புக்கொண்டால் போதும் அவளுக்கு.

ஊரில் பழைய கார்க் கண்காட்சி நடந்த அன்று புளியமர நிழல்களினூடே கார் படகுபோல மிதந்து வந்தது.

"ஒவ்வொரு திருகாணியும் எங்க தாத்தாவுடையது," என்றார் முதலாளி, நடுவராக வந்த தாசில்தாரிடம். பிறகு மாசிலாவை அதட்டினார்: "இந்தக் கதவு ஏன் மங்கலா இருக்கு? என் முகம் தெரியணும், துடை!"

"வேணாங்க முதலாளி. துடைச்சா வேற ஆள் தெரிஞ்சிடுவாரு."

"எதிர்த்தா பேசறே? ஈரத்துணி போட்டுத் துடைடி!"

துடைத்தாள். கார் முழுக்க எனாமல் அடித்தவள், அந்தக் கதவுக்கு மட்டும் மண்பொம்மைக்குப் பூசும் தண்ணீர்ச் சாயம் பூசியிருந்தாள். கறுப்பு வழிந்து புல்லில் இறங்கியது. அடியிலிருந்து மஞ்சள் எழுத்துகள் விடியல்போல மெல்ல எழுந்தன.

தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடியிருந்தவர்கள் கேட்க வாசித்தார்:

"வாடகைக் கார். உரிமையாளர், மூ. சன்னாசி."