ஆயில் குச்சிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று காலை, கல்குவாரி முதலாளி நல்லசிவத்தின் மலை மாதிரி காரில், இன்ஜின் ஆயில் குறைந்ததைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. காரை வாங்கிக் கொடுத்த மாமனார் பக்கத்திலேயே நின்றார்.

முதலாளி டிரைவர் இசக்கி மேல் பாய்ந்தார். "ஆயில், கூலன்ட் எல்லாம் தினம் நானே பாக்கேன், மாமா. இவனைத் தொடவே விடுறதில்ல. இப்பக்கூடப் பார்த்தேன், நிறைய இருந்துச்சு. இவன்தான் எதையோ நோண்டியிருக்கான். இல்லைன்னு நிரூபிக்கட்டும், இல்லாட்டி சாவியை வச்சிட்டுப் போகட்டும்!"

செய்யாததை எப்படி நிரூபிப்பது? இசக்கி தலையைச் சொறிந்தான்.

"விடியக்காலம் பூஜை போட்டப்போ, ஆயில் அளவு பாக்கிற குச்சியோட பிடிக்கும் ஒரு பொட்டு வச்சேன் முதலாளி. அதை உருவுன விரல்ல ஒட்டியிருக்கும்லா?"

முதலாளி வேர்வை துடைப்பதுபோலத் திரும்பி, நெற்றிக் குங்குமத்தில் விரலை ஒற்றிக்கொண்டார்.

"பாருங்க மாமா!" விரல் செக்கச்செவேலென்று இருந்தது.

மாமனாருக்கு ஆவல் தாங்கவில்லை. பானட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். குச்சியின் பிடியில் பொட்டு, வைத்தது வைத்தபடி, மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

"குங்குமம் தீர்ந்துபோச்சுய்யா. சந்தனம்தான் வச்சேன்," என்றான் இசக்கி.

மாமனார் மெல்ல நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, நெத்திப் பொட்டு கலைஞ்சிருக்கு. போய்ச் சரி பண்ணிட்டு வாங்க."