கூட்டம் சேர்க்கும் மந்திரம்

ரோமருடைய துறைமுக நகரம் ஒன்றில் கொள்ளைக்காய்ச்சல் பரவிய வருஷம் அது. தேவியின் கோயில் வெறிச்சோடியது. கிறிஸ்துவைக் கும்பிடும் அடிமைப் பெண் பெர்சியாளின் சந்திலோ கூட்டம் நெரிந்தது. தலைமைப் பூசாரி லிக்கோனுக்கு வயிறு எரிந்தது. அவளை ஆளுநர் முன் இழுத்து வந்து நிறுத்தினான்.

“சூனியக்காரி ஐயா இவள். என்ன மந்திரம் போட்டு என் ஜனங்களை இழுத்தாள் என்று சொல்லட்டும். சொல்லாவிட்டால் சிங்கத்துக்குப் போடுங்கள்.”

இல்லாத மந்திரத்தை எப்படிச் சொல்வது? பெர்சியாள் கையிலிருந்த மண்குவளையை அவனிடம் நீட்டினாள்.

“மந்திரம் இதில்தான் இருக்கிறது, சுவாமி. காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீர் புகட்டிய குவளை. இதை வாங்கிக்கொண்டு என்னோடு வாருங்கள். சாயங்காலம்வரை அவர்கள் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்தால், போன கூட்டம் உங்களிடமே திரும்பிவிடும்.”

லிக்கோன் மூக்கைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் நகர்ந்தான்.

“கேட்டதைத்தானே கொடுக்கிறாள், வாங்கிக்கொள்ளுமே” என்றார் ஆளுநர். பூசாரி அசையவில்லை. “அப்படியானால் அவளை விடுங்கள்.”

பெர்சியாள் வெளியேறினாள். லிக்கோனின் கோயில் வாயிற்காவலனே குவளையை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

“நீ எங்கேடா போகிறாய்?”

“என் பெண்டாட்டி இவள் சந்தில்தான் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள், சுவாமி. கோயில் கதவை அவள் தட்டியபோது, திறக்காதே என்றீர்களே.”