தூக்கிப்போடப் போகிற டயர்

“நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, புது டயரை இங்கே கொண்டுவந்து பாழாக்காதீங்கன்னு? இப்போ இதைப் பாத்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறீங்க.”

கோபித்துக்கொண்டவர் தணிகைவேல். வயது நாற்பத்தெட்டு. ராணிப்பேட்டையில் பல் டாக்டர். இந்த பைக் பந்தயத் தடத்துக்கு மூன்று வருடமாக ஓட்டிப் பழக வருகிறவர், நடுவில் நாலு மாதம் எட்டிப்பார்க்காமல் இன்றைக்குத்தான் வந்திருந்தார்.

டீச்சர் என்பது சலோமி. முப்பத்தொரு வயது. வளைவில் பைக்கைச் சாய்க்கக் கற்றுக்கொடுப்பவள்.

அங்கே வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம். ரோட்டில் ஓடித் தேய்ந்து, எப்படியும் தூக்கிப்போடப் போகிற டயரை இங்கே கொண்டுவந்து மிச்சத்தையும் தேய்த்து முடித்துவிடுவது. காய்ந்த தடத்தில் அது நன்றாகவே பிடிக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சலோமி குனிந்து பின் டயரைத் தடவினாள். நடுவில் கோடு என்று ஒன்று இல்லை.

“மொட்டையாயிடுச்சு சார்.”

“நாளைக்கே மாத்திடறேன்.”

“பைக்கை வேன்ல ஏத்திக்கிட்டு வந்தீங்களா, ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?”

“ஓட்டிக்கிட்டுதான். என்ன இன்னிக்குப் புதுசா கேக்கறீங்க?”

அவள் வானத்தைப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. போங்க என்று கையைக் காட்டினாள்.

அன்றைக்கு ஓட்டியதுபோல அந்த மனுஷன் ஜென்மத்தில் ஓட்டியதில்லை. மூன்று மணிக்கு ஹெல்மெட்டைக் கழற்றியபோது வாயெல்லாம் பல்.

“ஒரு இடத்துல வழுக்கலை! பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். நல்லா ஓட்டினீங்க.”

நாலரைக்கு மேற்கே கறுத்தது. முதல் தூறலுக்கே சிவப்புக் கொடி காட்டி எல்லோரையும் தடத்திலிருந்து வெளியே வரச் சொன்னார்கள். தண்ணீர் ஒதுங்கக் கோடு இல்லாத டயர் ஈரத்தில் நிற்காது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பிறகு எல்லோரும் அதே டயரில் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அதற்குக் கொடி காட்ட ஆள் இல்லை.

தணிகைவேல் மழைக்கோட்டை மாட்டினார். ராணிப்பேட்டைக்கு எழுபது கிலோமீட்டர்.

“வரேன் டீச்சர்.”

சலோமி கொட்டகைக்குள் போய் ஒரு கட்டரை எடுத்துவந்தாள். பைக் பக்கத்தில் உட்கார்ந்து, பின் டயரின் விலாவில் குத்தி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

புஸ்ஸென்று காற்று இறங்கியது.

“ஐயையோ! பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு?”

அவள் முன் டயரையும் கிழித்தாள்.

“நான் எப்படி வீட்டுக்குப் போறது?”

“பஸ்ல.”

“மெதுவாப் போயிருப்பேன் இல்ல? நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டேன். நான் என்ன சின்னப் பையனா?”

“லோகநாதனும் நாற்பதுலதான் போனாரு.”

லோகநாதன் அவருக்குத் தெரிந்தவர்தான். பக்கத்தில் பைக்கை நிறுத்துகிறவர், டீயைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்.

“காலையிலேருந்து அவரைக் காணோமேன்னு நினைச்சேன்,” என்றார் மெல்ல.

“ஆடி மாசம் சார். இதே மாதிரி டயர். இதே மாதிரி நாள் முழுக்க நல்லா ஓட்டினாரு. டயரை முடிச்சுட்டீங்க சபாஷ்னு சொல்லி, நான்தான் கை தட்டி அனுப்பினேன். மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கை தட்டினேன் சார் நான்.”

அவள் அழுதாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“பாலத்து இறக்கத்துல வழுக்கி விழுந்து, அங்கேயே போயிட்டாரு. பின்னாடி போனவங்க எனக்குப் போன் பண்ணாங்க. காலையில வந்ததும் எல்லாரும் ஒரு ஃபாரம் எழுதிக் குடுப்பீங்களே, ஏதாவது ஆனா யாருக்குச் சொல்லணும்னு. அவரோடதைத் தேடி எடுத்து அந்த நம்பருக்கு நான் பேசினேன். அவரு வீட்டம்மா எடுத்ததும், அவர் கிளம்பிட்டாரான்னு கேட்டாங்க.”

மழை கொட்டகைத் தகரத்தில் கொட்டியது. தணிகைவேல் கிழிந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

சலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு நீங்க யாரு நம்பரை எழுதினீங்க சார்?”

மனைவி போனை எங்கேயாவது வைத்துவிடுவாள் என்று, வீட்டில் சட்டென்று எடுக்கிற ஆள் யார் என்று யோசித்துத்தான் காலையில் எழுதியிருந்தார்.

“பொண்ணு நம்பர்,” என்றார். “ஏழாவது படிக்கிறா.”