சுவரில் ஒரு கட்டைவிரல்

மூக்கரையான்பட்டி பெயிண்டர்கள் நாலு பேரை நம்பி ஒரு சுவரைக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாய் தவறி எதையாவது சொல்லிவிட்டால், பாவிகள், அதை அப்படியே செய்துவிடுவார்கள்.

ஒருமுறை சிமெண்டுக் கடைக்காரர் தன் பழைய போர்டைக் காட்டி, "இதே மாதிரி இன்னும் ரெண்டு எழுதிக் குடுங்கப்பா" என்றார். பழைய போர்டின் மூலையில் காக்காய் எச்சம் இருந்தது. புதுப் போர்டு இரண்டிலும் அதே மூலையில், அதே அளவில் எச்சம் வந்தது. கடைக்காரர் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. நிஜக் காக்காய்கூட வந்து பார்த்துவிட்டு, யாரோ முந்திக்கொண்டார்கள் என்று பறந்துவிட்டது. கை அப்படிப்பட்ட கை. தலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மேஸ்திரி பலவேசம். அவருக்குக் கீழே மூன்று பேர். சுடலை யோசிப்பான். உலகு அந்த யோசனையில் ஓட்டை கண்டுபிடிப்பான். பேச்சிமுத்து எல்லாவற்றுக்கும் "சரி" என்பான்.

இவர்களைத்தான் சண்முகவடிவு கூப்பிட்டு அனுப்பினாள். அவளுடைய அவசரம் அப்படி. மகள் செண்பகமும், அவளோடு பேங்கில் வேலை பார்க்கிற சங்கரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையன் தங்கம். பையனின் அம்மா ஆவுடையம்மாள்தான் கொஞ்சம் வேறு மாதிரி. அந்த அம்மாளுக்கு எல்லாம் கைவேலையாக இருக்க வேண்டும். இதற்கு முன் பார்க்கப் போன ஒரு வீட்டில் பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்ததும், கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தவள். வெள்ளிக்கிழமை இங்கே வருவதாகச் சொல்லியிருந்தாள்.

சண்முகவடிவு வீட்டு ஹாலில் சகலமும் கடையில் வாங்கினவை. சுவரில் இருந்த ஒரே அலங்காரம் தினசரிக் காலண்டர். செண்பகத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"இந்தப் படத்தைப் பாருங்க," என்று சண்முகவடிவு ஒரு பத்திரிகையைப் பிரித்துப் பிடித்தாள். வழவழவென்ற பக்கத்தில் ஒரு வீட்டு ஹால். சுவர் நிறைய மாமரம், மரத்தடியில் மயில், அதற்கு முன்னால் ஒரு சிவப்பு சோபா. "இதுல என்ன தெரியுதோ அது அப்படியே இந்தச் செவுத்துல வரணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முழுக்கக் கைவேலையா இருக்கணும். அரமனைச் செவுரு மாதிரி அம்பது வருசம் ஆனதாத் தெரியணும். தரையில ஒரு சொட்டு சிந்தக் கூடாது, புது டைல்ஸ்."

"ஆகட்டும் தாயி," என்றார் பலவேசம்.

சாவியையும் பத்திரிகையையும் கொடுத்துவிட்டு, அம்மாவும் மகளும் முருகனிடம் முறையிடத் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார்கள். வீட்டிலேயே இருந்திருந்தால் முருகனுக்கு வேலை குறைந்திருக்கும்.

நாலு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, முழுக்கக் கைவேலைன்னு சொல்லிட்டாக. பிரஷ் எடுக்கலாமா?" என்று சுடலை ஆரம்பித்தான்.

பலவேசம் பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன முடில?"

"பன்னி முடி."

"அப்ப இதால வரைஞ்சா யாரு வேலை?"

"பாதி பன்னி வேலை," என்றான் உலகு.

"கல்யாணம் பேசப்போற வீட்டுல பன்னி வேலை ஆகுமால?"

"சரி," என்றான் பேச்சிமுத்து. ஆகும் என்பதற்குச் சரியா, ஆகாது என்பதற்குச் சரியா என்று யாரும் கேட்கவில்லை.

பிரஷ் போயிற்று. ஏணியை எடுக்கப் போன சுடலையை உலகு தடுத்தான். "ஏணியில எதால ஏறுவ?"

"காலால."

"அப்ப அது கால்வேலைல்லா?"

ஏணியும் போயிற்று. பலவேசமும் உலகுமாகச் சுடலையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சுடலை விரல் பத்தையும் டப்பாவில் முக்கி வரைந்தான். மாவிலைக்குப் பெருவிரல், காய்க்கு உள்ளங்கை, மயிலின் கண்ணுக்குச் சுண்டுவிரல் நுனி. சும்மா சொல்லக் கூடாது, மரம் காற்றில் அசைவது போல இருந்தது.

தரை விஷயத்துக்குத் தனியாக ஒரு கூட்டம் போட்டார்கள்.

"சிந்தாம அடிக்க முடியாது. சிந்துதது பெயிண்டோட கொணம்," என்றான் சுடலை.

"ஆனா தரையில படக் கூடாதே," என்றான் உலகு.

"அப்ப தரைக்கும் பெயிண்டுக்கும் நடுவுல ஒரு ஆளைப் போட்டுருவோம்," என்று பலவேசம் தீர்ப்புச் சொன்னார்.

பேச்சிமுத்து "சரி" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாகக் கைகாலைப் பரப்பி மல்லாக்கப் படுத்தான். அவன் மேல் விழுந்த சொட்டு ஒன்றுகூடத் தரைக்குப் போகவில்லை. சுற்றிலும் விழுந்தவை அவன் பொறுப்பில் வராது. வேலை முடிந்து அவனைத் தூக்கி நிறுத்தியபோது, பச்சையும் சிவப்புமாகத் தெறித்துக் கிடந்த டைல்ஸ் நடுவில் ஒரு ஆள் அளவுக்குப் பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

"பாத்தியால, படுத்த இடம் வரைக்கும் காப்பாத்திட்டான்," என்று பலவேசம் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

சோபா வரைந்தாகிவிட்டது. நிழலும் மடிப்புமாக, கூப்பிட்டு உட்காரச் சொல்கிற சோபா. மயிலுக்குத்தான் வால் இல்லை.

"வால் சோபாவுக்குப் பின்னால இருக்கு," என்றான் சுடலை.

உலகு பத்திரிகையின் தாளைத் திருப்பிப் பார்த்தான். "பின்னால நல்லெண்ணெய் வெளம்பரம்தான் இருக்கு. வாலைக் காணோம்."

"தெரியுததைத்தான் போடச் சொன்னாக. வாலை விடு. இன்னொண்ணு கொறையுதே," என்றார் பலவேசம். "அந்தம்மா காட்டும்போது ஓரத்துல ஒரு கட்டவெரல் இருந்துச்சுல்லா?"

மூவரும் பத்திரிகையைத் துழாவினார்கள். விரல் இல்லை.

"போகும்போது கையோட கொண்டு போயிட்டாக போல," என்றான் சுடலை.

"கொறையக் கூடாதுன்னு சொல்லிட்டுக் கொண்டு போனா எப்படி? சரி, பாத்த நெனப்புல போட்டுருவோம்."

போட்டார்கள். மாமரத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கட்டைவிரல். நகத்தில் பாதி போன மருதாணி முதற்கொண்டு சண்முகவடிவின் விரலேதான்.

மிச்சம் இருந்தது வயது ஒன்றுதான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அம்பது வருசம் ஆகணும். எப்படில?" என்று பலவேசம் தாடையைத் தடவினார்.

சுடலை நெடுநேரம் யோசித்தான். "அண்ணே, ஒரு நாள் எப்பப் போகுது? காலண்டர்ல தாளைக் கிழிச்சதும் போகுது. நாம மொத்தமாக் கிழிச்சா?"

இதில் உலகுக்கே ஓட்டை அகப்படவில்லை. காலண்டரைக் கழற்றி, மிச்சம் இருந்த தாளையெல்லாம் கிழித்துத் தள்ளினார்கள். டிசம்பர் முடிந்ததும் நாலு பேருக்கும் கொஞ்சம் அலுப்பாக இருந்தது.

"இப்ப செவுத்துக்கு ஒரு வயசு கூடியிருக்கும். பக்கத்து வீட்டுக் காலண்டரையும் வாங்கிட்டு வால," என்றார் பலவேசம்.

வாசல் வரை போன உலகு அலறிக்கொண்டு திரும்பினான். "அண்ணே! கிழிச்சதுல அவுக வார வெள்ளிக்கிழமையும் போயிருச்சே!"

பலவேசம் காலண்டர் அட்டையைக் கீழே போட்டார். "அய்யோ, ஒரு பொம்பளப் புள்ள வாழ்க்கையைக் கெடுத்துட்டமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாவம், நிஜமாகவே அழுதார். குப்பையைக் கிளறி அந்த வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடித்து, காலண்டர் அட்டையில் பச்சைப் பெயிண்ட் தடவி ஒட்டின பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சண்முகவடிவு வெள்ளிக்கிழமை காலையில் விபூதிப் பொட்டலத்தோடு வந்து கதவைத் திறந்தாள். மரத்தைப் பார்த்தாள். மயிலைப் பார்த்தாள். அப்புறம் தன் விரலைப் பார்த்தாள்.

"அடப் பாவிகளா! இது என்னது?"

"உங்களுதுதான் தாயி," என்றார் பலவேசம் பணிவாக.

"தரையில யாரு செத்துக் கிடந்தது?"

"சாகல தாயி. இந்தா நிக்கான்."

செண்பகம் சுவரையும் தரையையும் பார்த்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எல்லாம் போச்சும்மா."

"ஒண்ணும் போகலம்மா. போன வெள்ளிக்கிழமையைக்கூட நாங்க திருப்பிக் கொண்டாந்து ஒட்டிட்டோம்," என்று உலகு ஆறுதல் சொன்னான்.

சுண்ணாம்பு அடித்து மறைக்க நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றது. சண்முகவடிவு நாலு பேரையும் சமையல்கட்டுக்குள் தள்ளி, "சத்தம் காட்டினீங்க, கொன்னுருவேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

முதலில் உள்ளே வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா கோமதிநாயகம். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். அவரைக் கண்டு மூன்று தலைமுறைப் பையன்கள் நடுங்கியிருக்கிறார்கள். கையில் வெற்றிலை பாக்குப் பழத்தட்டு. வெயிலில் வந்த களைப்பில், எதிரே தெரிந்த சிவப்பு சோபாவைக் கண்டதும் நேரே போனார், திரும்பினார், வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

தொப்பென்று ஒரு சத்தம். தட்டு பறந்தது. வாழைப்பழம் ஜன்னலுக்குப் போனது. வாத்தியார், பேச்சிமுத்து விட்டுப்போன அந்தச் சுத்தமான இடத்தில், தலைக்குத் தலை, கைக்குக் கை, அளவெடுத்துத் தைத்தது போல மல்லாந்து கிடந்தார். ஒரு கால் மட்டும் அந்தரத்தில் இருந்தது.

சங்கர் செண்பகத்தைப் பார்த்தான். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் புருஷனைப் பார்த்தாள், சோபாவைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடி புருஷனைப் பார்த்தாள். அவள் வாய் கோணிற்று. அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணம் ஆன நாளாக அந்த மனுஷன் ஒரு கணக்கிலும் தப்பினதில்லையாம்.

"இவுகளையே ஏமாத்திருச்சுன்னா அது எப்பேர்ப்பட்ட கைவேலை! அதுலயும், விழுந்தா விழ ஒரு இடம் தரையில செஞ்சு வச்சிருக்காகளே, அந்த அக்கறையைச் சொல்லுங்க! மதினி, இந்த வீட்டுலதான் நான் பொண்ணு எடுப்பேன்."

சண்முகவடிவுக்குக் கால் தள்ளாடிற்று. இருந்தாலும் அந்தச் சோபாவில் உட்காரவில்லை.

உடனே நாள் பார்க்கலாம் என்று காலண்டரை எடுத்தார்கள். அதில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது, அதுவும் பச்சையாக. ஆவுடையம்மாள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. "நாள் கெடக்கட்டும். யாரு அந்தக் கைக்காரங்க, கூப்பிடுங்க," என்றாள்.

நாலு பேரும் சமையல்கட்டிலிருந்து வந்து வரிசையாக நின்றார்கள்.

"இந்தா பாருங்கப்பா. இப்ப இங்க என் கண்ணுக்கு என்னென்ன தெரியுதோ, அது அத்தனையும் எங்க வீட்டுச் செவுத்துல வரணும். ஒண்ணு விடக் கூடாது. அது முடிஞ்ச மறுநா முகூர்த்தம்."

நாலு பேரும் அவள் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தார்கள். மரம். மயில். சோபா. விரல். கீழே கோமதிநாயகம், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"சரி," என்றான் பேச்சிமுத்து.

ஆவுடையம்மாள் வீட்டில் வேலை மளமளவென்று நடந்தது. மரம் வந்தது, சோபா வந்தது, ஜன்னலில் வாழைப்பழம் வந்தது, விரல் முன்னைவிட நன்றாகவே வந்தது. மல்லாந்த வாத்தியாரும் இடுப்பு வரை வந்துவிட்டார். அங்கே வேலை நின்றுபோனது.

"அந்தரத்துல இருந்தது எடது காலு," என்றான் சுடலை.

"வலது," என்றான் உலகு.

பலவேசம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாத்தியாரிடம் போனார். "அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை அன்னைக்கு மாதிரி விழுந்து காட்டணும்."

கோமதிநாயகம் பிரம்பைத் தேடினார். ஆனால் பக்கத்தில் மகன் நின்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முகூர்த்தம் அந்தக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. பெற்ற மனசு என்ன செய்யும்? வாத்தியார் வந்தார், திரும்பினார், வேட்டியைத் தூக்கிக்கொண்டு விழுந்தார்.

நாலு பேரும் சுற்றி நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இது அது இல்ல அண்ணாச்சி," என்றார் பலவேசம் வருத்தத்தோடு. "அன்னைக்குச் சோபா இருக்குன்னு நம்பி விழுந்தீக. இன்னைக்கு இல்லைன்னு தெரிஞ்சு விழுதீக. காலு ரெண்டும் தரையைத் தேடுது. மூஞ்சியும் வேற."

"அதுக்கு நான் என்னய்யா செய்ய?"

"அன்னைக்கு விழுந்ததைச் சுத்தமா மறந்துரணும். மறந்ததும் சொல்லி விடுங்க, வந்துருதோம்."

அன்றிலிருந்து வாத்தியார் மறக்க முயற்சி செய்தார். கோயிலுக்குப் போனார், பெரிய பெரிய கணக்காகப் போட்டார். தினமும் காலையில் சங்கர் காப்பியோடு வந்து, "அப்பா, மறந்துட்டீங்களா?" என்பான். "இல்லடா," என்பார். பஞ்சாங்கத்தில் முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. செண்பகம் மறுபடி சாப்பாட்டை நிறுத்தினாள்.

ஒரு நாள் காலையில் சங்கர் வழக்கம்போலக் கேட்டான். "அப்பா, மறந்துட்டீங்களா?"

"எதைடா?" என்றார் கோமதிநாயகம்.

சங்கர் காப்பியை அவர் கையில் கொடுத்தான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பூனை போல வெளியே வந்தான். செண்பகத்துக்குப் போன் பறந்தது. மூக்கரையான்பட்டிக்கு ஆட்டோ பறந்தது. சண்முகவடிவு முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். ஆவுடையம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். கோமதிநாயகம் காப்பியைக் குடித்து முடித்து, சுவரில் இருந்த சிவப்பு சோபாவைப் பார்த்து, சற்று உட்காரலாம் என்று மெதுவாக நடந்தார். திரும்பினார். வேட்டியைத் தூக்கினார்.

அதே நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெயிண்ட் டப்பாவோடு முதலில் குதித்து ஓடிவந்த பலவேசம், வாத்தியாரின் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்பச் சந்தோசம் அண்ணாச்சி! அன்னைக்கு இந்தச் சோபாவுல உக்காரப் போயி மல்லாக்க விழுந்தீகளே, அதைச் சுத்தமா மறந்துட்டீகளாமே!"